இருபது வாட் காற்று

நம் வீடுகளில் பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் 48 அங்குல மின்விசிறி, முழு வேகத்தில் ஓடும்போது 70 முதல் 80 வாட் மின்சாரம் எடுக்கிறது. அதன் இறக்கைகள் காற்றைத் தள்ளுவதற்கு உண்மையில் வேண்டியது ஏறத்தாழ 20 வாட்தான். மீதி எங்கே போகிறது என்பதைப் போகிக்கு ஒட்டடை அடிக்கும்போது யார் வேண்டுமானாலும் தெரிந்துகொள்ளலாம். பகல் முழுக்க ஓடிய விசிறியை நிறுத்திவிட்டு, ஸ்டூலில் ஏறி, நடுவில் இருக்கும் மோட்டாரின் மேல் கை வைத்துப் பாருங்கள். சுடும். வெக்கை தணிய வாங்கிய கருவி, தான் எடுத்த மின்சாரத்தில் பெரும்பங்கைக் காற்றாக்காமலேயே வெப்பமாக்கி, அதே அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கிறது.

சூழலுக்கு இசைந்த பொருள்கள் என்று பேச்சு எடுத்தாலே மூங்கில் பல்துலக்கியும் சணல் பையும்தான் முதலில் வந்து நிற்கின்றன. நல்ல பொருள்கள்தாம், வாங்குங்கள். ஆனால் ஒரு பொருளின் வடிவமைப்பை எடைபோட, அது எதனால் ஆனது என்பதோடு நின்றுவிடக் கூடாது. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, அத்தனை நேரமும் எதை விழுங்குகிறது, பழுதானால் என்ன ஆகிறது என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் தமிழ்நாட்டு வீட்டில் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டியது மின்விசிறியைத்தான். குளிர்சாதனப் பெட்டிக்கு அடுத்தபடியாக அதிக நேரம் ஓய்வில்லாமல் உழைப்பது அதுவே.

மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடலே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். அசையாத காற்றில், தோலை ஒட்டி உடலின் சூடும் வியர்வையின் ஈரமும் ஏறிய ஒரு மெல்லிய காற்றுப் படலம் நின்றுவிடுகிறது. அந்தப் படலத்தில் ஈரம் நிறைந்துவிட்டால் மேற்கொண்டு வியர்வை ஆவியாக இடமில்லை. அதைத்தான் புழுக்கம் என்கிறோம். விசிறி அந்தப் படலத்தைத் துடைத்துத் தள்ளிவிட்டுப் புதுக் காற்றைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. ஆகவே குளிர்வது நாம்தான், அறை அல்ல. ஆள் இல்லாத அறையில் ஓடும் விசிறி அந்த அறையைச் சற்றே சூடாக்குகிறது, அவ்வளவுதான்.

1880களில் அமெரிக்காவில் பிலிப் டீல் என்பவர், சிங்கர் தையல் இயந்திரத்துக்காகத் தாம் உருவாக்கிய மோட்டாரைத் தழுவி, கூரையில் தொங்கும் மின்விசிறியைச் செய்தார். பின்னாளில் மாறுதிசை மின்சாரம் வீடுகளுக்கு வந்தபோது விசிறிக்குள் தூண்டல் மோட்டார் குடியேறியது. நம் வீட்டு விசிறிகளில் இன்றும் பெரும்பாலும் அதுவே இருக்கிறது.

அந்த மோட்டாரைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். நடுவில், கூரையிலிருந்து இறங்கும் கம்பியோடு அசையாமல் நிற்பது செப்புக் கம்பி சுற்றிய பகுதி. கடைக்காரர்கள் காயில் என்பது இதைத்தான். அதைச் சுற்றி வெளிப்புறத்தில் சுழல்வது அலுமினியக் கூண்டு பதித்த இரும்பு வளையம். இறக்கைகள் இதோடுதான் பூட்டப்பட்டிருக்கின்றன. காயிலில் மின்சாரம் பாய்ந்தால் காந்தப்புலம் பிறக்கிறது. வீட்டுக்கு வரும் ஒற்றைக் கட்ட மின்சாரத்தால் அந்தப் புலம் முன்னும் பின்னும் துடிக்குமே தவிர, தானாகச் சுழலாது. அதனால் இரண்டாவதாக ஒரு சுற்று வைத்து, அதில் மின்னோட்டத்தின் வேளை மாறும்படி ஒரு மின்தேக்கியை இணைக்கிறார்கள். எலக்ட்ரீஷியன்கள் ‘கண்டென்சர்’ என்று சொல்லும் அந்தச் சிறு டப்பா இதுதான். இரண்டு சுற்றுகளும் முன்பின்னாகத் துடிக்க, காந்தப்புலம் சுழலத் தொடங்குகிறது.

சுழலும் புலம் வெளி வளையத்திலுள்ள அலுமினியத்தை வெட்டிச் செல்லும்போது அதில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அந்த மின்னோட்டம் வளையத்தையும் ஒரு காந்தமாக்குகிறது. புலம் அதை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இங்கேதான் விஷயம். வளையம் புலத்தின் வேகத்தை எட்டிப் பிடித்துவிட்டால், வெட்டுதல் நின்றுவிடும், தூண்டலும் நின்றுவிடும், இழுவையும் போய்விடும். ஆகவே வளையம் எப்போதும் பின்தங்கியே ஓட வேண்டும். 14 துருவங்கள் கொண்ட விசிறியில் புலம் நிமிடத்துக்கு 428 சுற்று சுழலும். விசிறியோ 360 அளவில்தான் ஓடும். அந்த இடைவெளி ஆறில் ஒரு பங்கு. வளையத்துக்குக் கடத்தப்படும் ஆற்றலில் அதே பங்கு அலுமினியத்திலேயே வெப்பமாகக் கரைந்துவிடுகிறது. காயிலின் மெல்லிய செப்புக் கம்பியில் இழப்பது அதைவிட அதிகம். இரும்புத் தகடுகளில் இழப்பது தனி.

இதை மட்டமான பொறியியல் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. தேய்வதற்கு பேரிங்கைத் தவிர எதுவும் கிடையாது. மின்னணுப் பாகம் எதுவும் இல்லை. தூசியிலும் உப்புக் காற்றிலும் இருபது ஆண்டுகள் ஓடும். கெட்டால் தெருமுனைக் கடையிலேயே சரிசெய்துவிடலாம். மின்சாரம் மலிவாக இருந்த காலத்தில், குறைந்த செம்பில் எளியவர் வீட்டுக்கும் காற்றைக் கொண்டுபோன பெரிய காரியம் அது. ஆனால் அந்தக் கணக்கு மாறி நெடுங்காலமாகிவிட்டது.

மாற்றத்தின் விதை 1962-இலேயே விழுந்தது. டி.ஜி. வில்சன், பி.எச். டிரிக்கி என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள், நேர்மின் மோட்டாரில் தேய்ந்துபோகும் கரித்துண்டுகளை நீக்கிவிட்டு, அந்த வேலையைக் குறைக்கடத்திச் சுவிட்சுகளிடம் ஒப்படைக்கலாம் என்று காட்டினார்கள். இன்று பி.எல்.டி.சி. என்ற நான்கு எழுத்துகளாகக் கடை அட்டைகளில் நிற்பது அந்த மோட்டார்தான். கணினிக்குள் சுழலும் சின்ன விசிறிகளிலும் வன்தட்டுகளிலும் அது எப்போதோ நுழைந்துவிட்டது. கூரை விசிறிக்கு வரத்தான் இத்தனை காலம் ஆயிற்று. மின்னணுப் பாகங்களின் விலை இறங்க வேண்டியிருந்தது என்பது ஒரு காரணம். எல்லாரும் நாள்தோறும் பயன்படுத்தும் ஒரு பொருளைத் திருத்தி அமைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாமல் இருந்ததும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

தோன்றியது கோயம்புத்தூரில். வெர்சா டிரைவ்ஸ் என்ற நிறுவனம் 2012-இல் ‘சூப்பர்ஃபேன்’ என்ற பெயரில், முழு வேகத்திலும் 35 வாட் மட்டுமே எடுக்கும் கூரை விசிறியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் இவ்வகை விசிறிகளில் அதுவே முதலாவது. தமிழ்நாட்டில் மின்வெட்டு மக்களை வாட்டி எடுத்த காலம் அது. மோட்டாரும் பம்ப்செட்டும் செய்து பழகிய ஊரிலிருந்து இந்த விசிறி வந்ததில் வியப்பில்லை. ஐ.ஐ.டி. பம்பாயில் படித்தவர்கள் 2012-இல் தொடங்கிய ஆட்டம்பர்க் நிறுவனம் 2015-இல் 28 வாட் விசிறியோடு வந்தது. இன்று ஏறக்குறைய எல்லாப் பெரிய நிறுவனங்களிடமும் இந்த வகை இருக்கிறது.

இதிலும் வெளிப்புற வளையம்தான் சுழல்கிறது. ஆனால் அதன் உட்பக்கத்தில் அலுமினியக் கூண்டு இல்லை, நிலைக்காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. வளையம் பிறவியிலேயே காந்தமாக இருப்பதால், அதைக் காந்தமாக்குவதற்கென்று மின்சாரம் செலவாவதில்லை. பின்தங்கி ஓட வேண்டிய கட்டாயமும் இல்லை. பல விசிறிகளில் இருப்பது இரும்பு ஆக்சைடிலிருந்து செய்யும் ஃபெரைட் காந்தம். அரிய மண் தனிமங்களைத் தோண்டித்தான் இந்தச் சிக்கனத்தைப் பெற வேண்டும் என்பதில்லை. இது முக்கியமான செய்தி.

மூளை ஒரு சிறு போர்டில் இருக்கிறது. அது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தைக் குறைந்த வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றி, நடுவிலுள்ள மூன்று சுற்றுகளுக்கு வரிசை தப்பாமல் கொடுக்கிறது. எந்த நொடியில் எந்தச் சுற்றுக்குக் கொடுப்பது? ஊஞ்சலைத் தள்ளுகிறவர் அது திரும்பி வரும் வேளை பார்த்துத் தள்ள வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் கைவலிதான் மிச்சம். போர்டுக்கும் அந்த வேளை தெரிய வேண்டும். மூன்று சுற்றுகளில் எந்த நேரத்திலும் இரண்டில்தான் மின்சாரம் ஓடும். சும்மா இருக்கும் மூன்றாவது சுற்றைக் காந்தம் கடந்து போகும்போது அதில் ஒரு சிறு மின்னழுத்தம் எழும். அதைப் படித்துக் காந்தம் இப்போது எங்கே இருக்கிறது என்று போர்டு கண்டுகொள்கிறது. தனியாக ஓர் உணரி வைக்காமல், இருக்கிற செம்புக் கம்பியையே கண்ணாகவும் ஆக்கிவிட்ட இந்த யோசனைக்காகவே அதைக் கண்டுபிடித்த பொறியாளர்களைப் பாராட்ட வேண்டும்.

இதன் அடையாளத்தை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். இவ்வகை விசிறிகள் சிலவற்றைப் போட்டவுடன், இறக்கைகள் சட்டென்று சுற்றத் தொடங்காமல், ஒரு பக்கம் கொஞ்சம் அசைந்து, மறுபக்கம் திரும்பி, பிறகே ஓட ஆரம்பிக்கும். பழுது என்று பயந்து கடைக்காரரைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. பழுது இல்லை. நின்றுகொண்டிருக்கும் காந்தத்தால் மூன்றாவது சுற்றில் எந்த மின்னழுத்தமும் எழாது. ஆகவே போர்டுக்கு வளையம் இருக்கும் இடம் தெரியாது. முதலில் ஒரு சுற்றுக்கு மின்சாரம் கொடுத்து வளையத்தைத் தெரிந்த ஓர் இடத்துக்கு இழுத்து வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஓட்டத்தைத் தொடங்குகிறது.

வேகத்தைக் குறைக்கும்போதுதான் இந்த விசிறியின் அருமை முழுதாகத் தெரிகிறது. இறக்கையின் வேகத்துக்கும் அதற்கு வேண்டிய ஆற்றலுக்கும் உள்ள உறவு மும்மடி உறவு. வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும். ஆனால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காக இறங்கிவிடும். இயற்கை தரும் இந்தப் பெரிய தள்ளுபடியை அந்தக் காலத்துப் பெட்டி ரெகுலேட்டர் நம்மிடம் வந்து சேர விடவில்லை. சுவிட்ச் போர்டில் கனமாகத் துருத்திக்கொண்டு, தொட்டால் கதகதவென்று இருக்குமே, அதற்குள் இருந்தது மின்தடைக் கம்பிச் சுருள். விசிறியில் மிச்சமானதை அது சுவரில் வைத்து எரித்தது. பின்னால் வந்த மின்தேக்கி ரெகுலேட்டர் அந்த விரயத்தைப் பெரிதும் குறைத்தது. இருந்தும் வேகம் குறையக் குறைய, தூண்டல் மோட்டார் மேலும் பின்தங்கி, தனக்குள்ளேயே கூடுதலாக வீணாக்குகிறது. பி.எல்.டி.சி. விசிறியில் போர்டே வேகத்தைக் கட்டுப்படுத்துவதால் தள்ளுபடி நேராக மின் கட்டணத்துக்கு வருகிறது. மார்கழி இரவில் கொசுவை விரட்ட மெதுவாக ஓடவிட்டால் பத்து வாட்டுக்கும் குறைவாகவே எடுக்கும். பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிடச் சொல்வதும் ரிமோட் தருவதும் இதனால்தான்.

மோட்டாரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இறக்கையை மறந்துவிடுவோம். 1200 மில்லிமீட்டர் விசிறி நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றும்போது, அதன் இறக்கை நுனி மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மையத்திலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கும் பகுதியோ 26 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறது. மெதுவாகப் போகும் அடிப்பகுதி அகலமாகவும் அதிகச் சாய்வாகவும், வேகமாகப் போகும் நுனி குறுகலாகவும் குறைந்த சாய்வாகவும் இருந்தால்தான் இறக்கை முழுதும் சமமாக வேலை செய்யும். விமானத்தின் முன்சுழலியை உற்றுப் பார்த்தால் இந்த முறுக்கு தெரியும். நம் விசிறியின் அலுமினிய இறக்கை, ஒரே அச்சில் அடித்தெடுத்த, ஏறக்குறைய தட்டையான தகடு. அடிப்பகுதி காற்றைச் சரியாகப் பிடிப்பதில்லை; நுனி காற்றைக் கிழித்துச் சத்தம் போடுகிறது.

1990களின் பிற்பகுதியில் புளோரிடா சூரிய ஆற்றல் மையத்தின் ஆய்வாளர் டேனி பார்க்கர் இதை எடுத்துக்கொண்டு, பால் மெக்ரெடியின் ஏரோவைரன்மென்ட் நிறுவனத்தை அணுகினார். மனிதர் ஒருவர் மிதித்தே ஓட்டி, 1979-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த ‘கோசமர் ஆல்பட்ராஸ்’ விமானத்தை வடிவமைத்தவர் மெக்ரெடி. மனிதக் கால்களின் சொற்ப ஆற்றலில் ஒரு துளியும் வீணாகாத முன்சுழலி செய்தவர்களுக்கு, கூரை விசிறியின் மெதுவான காற்று பழகிய களம். அவர்கள் உருவாக்கிய முறுக்கிய இறக்கைகள் அதே மின்சாரத்துக்குக் கணிசமாகக் கூடுதல் காற்றைத் தந்தன, சத்தமும் குறைந்தது. ‘கோசமர் விண்ட்’ என்ற பெயரில் அவை அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கும் வந்தன. இங்கே பல நிறுவனங்கள் உள்ளே புது மோட்டாரை வைத்துவிட்டு, வெளியே அதே தட்டைத் தகட்டைப் பூட்டி விற்கின்றன. பாதி வேலையோடு நிறுத்திவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக்கில் இந்த முறுக்கைக் கொண்டுவருவது கடினமே அல்ல.

இப்போது ஈ.பி. அட்டைக்கு வருவோம். நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் 75 வாட் விசிறி, இரண்டு மாத ரீடிங்கில் 67 யூனிட்டுக்கு மேல் காட்டும். 30 வாட் விசிறி 27 யூனிட். மூன்று விசிறிகள் உள்ள வீட்டில் இது 202-க்கும் 81-க்கும் உள்ள வேறுபாடு. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்களை மறுபடி பாருங்கள். பவர் கட் நேரத்தில், இன்வெர்ட்டரின் அதே பேட்டரி விசிறிகளை இரண்டரை மடங்கு நேரம் ஓட்டும். மாலையில் வோல்டேஜ் இறங்கும் கிராமங்களில் பழைய விசிறி சோர்ந்துபோய்ச் சுற்றும். பி.எல்.டி.சி. விசிறியின் வேகம் குறையாது.

ஆண்டில் 300 நாள் என்று வைத்துக்கொண்டால், ஒரு விசிறிக்கு மிச்சம் 200 யூனிட். நம் அனல் மின் நிலையங்களில் ஒரு யூனிட்டுக்கு 700 கிராம் அளவில் நிலக்கரி எரிகிறது. அதாவது, நான்கு கிலோ எடை கூட வராத ஒரு விசிறி ஆண்டுக்கு 140 கிலோ நிலக்கரியை எரியாமல் தடுக்கிறது. தமிழ்நாட்டில் 2 கோடிக்கும் மேற்பட்ட வீட்டு மின் இணைப்புகள் இருக்கின்றன. வீட்டுக்கு ஒரு விசிறி மாறி, கோடை இரவில் எல்லாம் ஒன்றாக ஓடினால், குறையும் தேவை 900 மெகாவாட். மேட்டூர் அனல் மின் நிலையத்தின் பழைய அலகு ஒவ்வொன்றும் 210 மெகாவாட். சூரியத் தகடுகள் உறங்கும் நேரத்தில்தான் விசிறிகள் அதிகம் ஓடுகின்றன என்பதால் இந்த மிச்சத்துக்கு மதிப்பு இன்னும் கூடுதல்.

2023 ஜனவரி 1 முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். முத்திரையில் ‘சர்வீஸ் வேல்யூ’ என்று ஓர் எண் இருக்கும்: ஒரு வாட் மின்சாரத்துக்கு நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்பது அது. 2023-இல் வந்த விதிப்படி, 1200 மில்லிமீட்டர் விசிறியில் 4 இருந்தால் ஒரு நட்சத்திரம். 6-ஐத் தொட்டால் ஐந்து. பழைய 75 வாட் விசிறி 3-ஐக் கூட எட்டாது. எனக்கு இந்த அளவுகோல் பிடித்திருக்கிறது. எவ்வளவு மின்சாரம் என்று மட்டும் கேட்டால், காற்றே வராத விசிறியும் பரிசு வாங்கிவிடும். கிடைத்த பயனைச் செலவால் வகுத்துப் பார்ப்பதே நேர்மையான கணக்கு.

ஆனால் அந்த முத்திரை சொல்லாத ஒன்று இருக்கிறது. பழைய விசிறி மெதுவாகச் சுற்றினால் கண்டென்சர் போயிருக்கும். சில பத்து ரூபாயில் மாற்றிவிடலாம். காயில் எரிந்தால் காயில் கட்டும் கடை இருக்கிறது. கட்டைச் சுவரோரம் நாலைந்து மோட்டார்களை அடுக்கி வைத்துக்கொண்டு, எரிந்த சுற்றை வெட்டியெடுத்து, சுற்றுகளை எண்ணி, புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கும் அந்தத் தொழிலாளிகள் இந்த நாட்டின் மறுபயன்பாட்டுத் தொழிலுக்கு முதுகெலும்பு. பி.எல்.டி.சி. விசிறியில் இடி மின்னலிலோ வோல்டேஜ் எகிறியோ போர்டு போனால், அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. ஒரு நிறுவனத்தின் போர்டு இன்னொன்றுக்குப் பொருந்தாது. சிலர் ஈரம் புகாதிருக்க போர்டின் மேல் ரெசினை ஊற்றி மூடிவிடுகிறார்கள். பிரித்துப் பார்க்கவே முடியாது. வாரண்டி முடிந்து, அந்த மாடலும் நின்றுபோயிருந்தால், நல்ல காந்தமும் நல்ல செம்பும் நல்ல பேரிங்கும் உள்ள முழு விசிறி பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. இருபது ஆண்டு உழைக்க வேண்டிய பொருள் ஐந்தாறு ஆண்டில் குப்பையானால், அதைச் சிக்கனம் என்று நான் ஏற்க மாட்டேன்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. மோட்டாருக்குக் கீழே உள்ள மூடியைத் திருகு கழற்றித் திறந்தால் போர்டு கைக்கு வரும்படியும், செருகி எடுக்கும் இணைப்புகளோடும் செய்கிற நிறுவனங்கள் இப்போதே இருக்கின்றன. போர்டின் அளவும் இணைப்பும் எல்லா நிறுவனத்துக்கும் பொதுவாக வேண்டும் என்று தர விதி வந்தால், தெருமுனைக் கடையிலேயே கண்டென்சர்போலப் போர்டும் தொங்கும். பிரான்ஸ் 2021 ஜனவரியிலிருந்து கைபேசி, மடிக்கணினி, துணி துவைக்கும் இயந்திரம் முதலியவற்றின் மேல், பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு ஒட்ட வைத்தது. இந்திய நுகர்வோர் துறையும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு தளத்தைத் தொடங்கியது. நம் விசிறியின் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு மதிப்பெண் வர வேண்டும்.

அதுவரை வாங்குகிறவர் செய்யக்கூடியவை இவை. நாள் முழுக்க ஓடும் கூடத்துக்கும் இரவெல்லாம் ஓடும் படுக்கையறைக்கும் முதலில் மாற்றுங்கள். பொருள் போட்டு வைக்கும் அறையில் எப்போதாவது சுற்றும் பழைய விசிறி அங்கேயே இருக்கட்டும். அதை மாற்றுவதால் மிச்சமாகும் மின்சாரம் அற்பம். வாடகைக்கு விடும் வீட்டுக்கு விசிறி வாங்குகிறீர்கள் என்றால், கரண்ட் பில்லைக் கட்டப்போவது குடியிருப்பவர் என்பதை நினைத்து வாங்குங்கள். முத்திரையில் நட்சத்திரத்தோடு சர்வீஸ் வேல்யூவையும் படியுங்கள். கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: போர்டு தனியாகக் கிடைக்குமா, என்ன விலை? பதில் சொல்லத் தெரியாத கடையில் அந்த விசிறியை வாங்காதீர்கள்.